பீகிள் வளர்ப்பது எப்படி? கிருஷ்ணகிரி, தருமபுரிக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

எங்கள் பீகிள் பொட்டுவை முதல் தடவை மாந்தோப்புப் பக்கம் கூட்டிக்கொண்டு போனபோது, காவலுக்கு இருந்த பெரியவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஏந் தம்பி, இது மொசல் புடிக்குமா?" என்று கேட்டார். "இல்லீங்க, சும்மா வீட்டு நாய்தான்" என்றேன். "அப்புறம் எதுக்குத் தரையையே மோந்துக்கிட்டுப் போவுது?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

பதில் அவருடைய முதல் கேள்வியிலேயே இருந்தது. பீகிள் இங்கிலாந்தில் முயல் வேட்டைக்கென்றே உருவான இனம். இன்றைய பீகிளுக்கு அடித்தளமான கூட்டத்தை 1830களில் எஸ்ஸெக்ஸ் பகுதியில் சேர்த்து வளர்த்தவர் ஃபிலிப் ஹனிவுட் என்ற பாதிரியார். அந்த நாய்களுக்கு இருந்த வேலை ஒன்றுதான்: கூட்டமாகச் சேர்ந்து, தரையில் மூக்கை வைத்து, முயல் போன தடத்தை விடாமல் பிடித்துக்கொண்டு, குரல் கொடுத்தபடியே ஓட வேண்டும். வேட்டைக்காரர்கள் அந்தக் குரலைக் கேட்டுப் பின்னாலேயே நடந்து வருவார்கள். பீகிள் தனியாக இருக்க மறுப்பது, கூப்பிட்டால் காது கேட்காதது போலப் போவது, தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்துவது என்று இன்று நம்மைப் படுத்தும் எல்லாமே ஒரு காலத்தில் அதன் வேலைக்குத் தேவைப்பட்ட தகுதிகள்.

நம் ஊர் வேட்டை நாய்களான சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் கண்ணால் பார்த்துத் துரத்துபவை. இரை கண்ணில் பட்டால் அம்பு மாதிரி பாயும், மறைந்துவிட்டால் பெரும்பாலும் நின்றுவிடும். பீகிளுக்கு இரை கண்ணில் படவே வேண்டாம். அரை மணி நேரம் முன்னால் போனதன் வாசனை போதும். சிப்பிப்பாறை வளர்த்த அனுபவத்தை வைத்துக்கொண்டு பீகிளைப் பழக்கப் போகிறவர்கள் முதலில் இடறுவது இங்கேதான்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டை குற்றம். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம் பக்கத்தில் காட்டை ஒட்டி இருப்பவர்கள் "சும்மா ஓட விட்டுப் பார்ப்போமே" என்று ஆசைப்பட வேண்டாம். வனத்துறை வழக்கு ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தக் காட்டில் சிறுத்தையும் இருக்கிறது. பத்துக் கிலோ நாய் அதற்கு ஒரு வாய்.

வாங்கலாமா, வேண்டாமா

வளர்ந்த பீகிளின் உயரம் தோள்பட்டை வரை 33 முதல் 41 செ.மீ. எடை பொதுவாக 9 முதல் 12 கிலோ. 12 முதல் 15 வருடம் வாழும். குழந்தைகளோடும் மற்ற நாய்களோடும் நன்றாகப் பழகும், கடிப்பது அபூர்வம். இதைப் படித்ததும் "நமக்கு ஏற்ற நாய்" என்று தோன்றினால், கொஞ்சம் பொறுங்கள்.

காவலுக்கு வேண்டும் என்றால் பீகிள் வேண்டாம். ஆள் வந்தால் குரல் கொடுக்கும், உண்மைதான். அப்புறம் வந்தவர் கையில் பிஸ்கட் இருக்கிறதா என்று பார்க்கும். கணவன் மனைவி இருவரும் ஓசூர் சிப்காட்டில் ஷிப்டு வேலை, வீட்டில் வேறு யாரும் இல்லை என்றாலும் வேண்டாம். எட்டு ஒன்பது மணி நேரம் பூட்டிய வீட்டில் தனியாக இருக்கும் பீகிள் சோபாவைப் பிய்க்கும், கதவைச் சுரண்டும், ஊளையிடும். அதன் முன்னோர்கள் தூங்கியதே கூட்டமாகத்தான்.

எல்லாம் யோசித்தபின் வாங்குவது என்று முடிவு செய்தால், குட்டிக்கு எட்டு வாரம் நிறைந்திருக்க வேண்டும். பொட்டுவை நான் ஐந்து வாரத்திலேயே தூக்கி வந்துவிட்டேன். விற்றவர் "ரெண்டு மாசம் ஆச்சு சார்" என்றார், நானும் நம்பினேன். தாயோடும் கூடப்பிறந்தவைகளோடும் இருக்கும்போதுதான் எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்கிறது. அந்தப் பாடத்தை அடுத்த ஆறு மாதம் எங்கள் கைகளும் கால்களும் நடத்தின.

தாய் நாயை நேரில் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள். குட்டியின் காதைத் தூக்கி மோந்து பாருங்கள், புளித்த வாடை இருக்கக் கூடாது. கண்ணின் உள்மூலையில் சிவப்பாகச் சதை பிதுங்கியிருந்தால், அது பீகிள்களுக்கு அதிகம் வரும் 'செர்ரி ஐ'. தடுப்பூசி அட்டையில் ஊசி மருந்தின் ஸ்டிக்கரும் மருத்துவரின் கையெழுத்தும் இருக்க வேண்டும். 'பாக்கெட் பீகிள்', அதாவது இன்னும் சின்ன வகை, என்று கூடுதல் விலை சொன்னால் ஏமாறாதீர்கள். அப்படி ஓர் இனத்தை இன்று நாய் இனங்களைப் பதிவு செய்யும் கென்னல் கிளப்புகள் அங்கீகரிப்பதில்லை.

இன்னொரு வழியும் உண்டு. மருந்து ஆய்வகங்களில் பரிசோதனைக்கு அதிகம் பயன்படும் நாய் பீகிள்தான். அங்கிருந்து விடுவிக்கப்படும் நாய்களுக்கு வீடு தேடித் தரும் தன்னார்வலர்கள் பெங்களூருவில் இருக்கிறார்கள். ஓசூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். ஆனால் புல்லையும் மண்ணையும் பார்த்தே இராத நாய்களாக அவை இருக்கக்கூடும். பொறுமை உள்ளவர்கள் மட்டும் போங்கள்.

வீட்டைத் தயார் செய்வது

கேட்டின் அடியில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள். தலை நுழைந்தால் குட்டி முழுவதும் நுழைந்துவிடும். வேலி ஓரமாகத் தோண்டும் என்பதால் அடியில் ஒரு வரிசை கல் பதித்துவிடுங்கள். நம் மாவட்டத்தில் கல்லுக்கா பஞ்சம்? குப்பைக் கூடைக்கு மூடி வேண்டும், அதுவும் அழுத்தி மூடுகிற மாதிரி.

மூத்திரம் போகப் பழக்குவதற்குப் பீகிள் மற்ற இனங்களைவிடக் கூடுதல் நாள் எடுக்கும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும், இடையில் இரண்டு மணிக்கொரு தரம் என்று ஒரே இடத்துக்கு வெளியே கூட்டிப் போங்கள். போனதும் அங்கேயே ஒரு சின்னத் துண்டு தீனி கொடுங்கள். வீட்டுக்குள் போய்விட்டால் அடிக்காதீர்கள். வெறும் தண்ணீரால் துடைத்தால் நமக்கு வாடை தெரியாது, அதற்குத் தெரியும், திரும்ப அங்கேயே போகும். வினிகர் கலந்த தண்ணீரால் துடைத்தால் அந்தத் தொல்லை குறையும்.

தடுப்பூசியை 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் வரை போட வேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி மூன்று மாதத்தில், பிறகு டாக்டர் சொல்லும் பூஸ்டர், அப்புறம் வருடா வருடம். ஜூலை 6 உலக விலங்குவழி நோய்கள் தினத்தை ஒட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் இந்த ஊசியை இலவசமாகவே போடுவார்கள். ஊசிகள் முடியும் வரை தெருநாய்கள் நடமாடும் இடத்தில் குட்டியை இறக்கிவிடாதீர்கள். பார்வோ என்ற வைரஸ் நோய் வந்தால் இரண்டு மூன்று நாளில் குட்டி கையை விட்டுப் போய்விடும்.

மூக்குக்கு வேலை கொடுப்பது

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால், இதைப் படியுங்கள்.

1950களில் அமெரிக்காவில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு ஏக்கர் நிலத்தில் ஓர் எலியை விட்டு, எந்த நாய் எவ்வளவு நேரத்தில் கண்டுபிடிக்கிறது என்று பார்த்தார்கள். பீகிள் ஒரு நிமிடத்துக்குள் பிடித்துவிட்டது. ஃபாக்ஸ் டெரியருக்குக் கால் மணி நேரம் ஆனது. ஸ்காட்டிஷ் டெரியரால் முடியவே இல்லை. அமெரிக்க விமான நிலையங்களில் 1984 முதல் பயணிகளின் பெட்டிகளை மோந்து பார்க்கும் வேலையிலும் பீகிள்கள் இருக்கின்றன. அவை தேடுவது போதைப்பொருளை அல்ல, ஒளித்துக் கொண்டுபோகும் இறைச்சியையும் பழங்களையும். மாம்பழம் அந்தப் பட்டியலில் உண்டு. கிருஷ்ணகிரிப் பீகிளுக்கு இதைவிடப் பொருத்தமான உத்தியோகம் ஏது?

இப்படிப்பட்ட மூக்கை வைத்துக்கொண்டு சும்மா இருக்கச் சொன்னால் அது உங்கள் வீட்டைத்தான் கிளறும். வெறும் நடையால் பீகிளைக் களைப்படைய வைக்க முடியாது. பொட்டு ஐந்து கிலோமீட்டர் நடந்துவிட்டு வந்தும் தலையணையைப் பிய்த்தவள். இருபது நிமிடம் மோப்பம் பிடிக்க வைத்தால் மத்தியானம் வரை தூங்குகிறாள். நாங்கள் பழக்கிய வரிசை இது.

முதல் வாரம்: ஒரு பழைய துண்டை விரித்து, அதன் காலை உணவில் ஒரு கைப்பிடியைத் தூவி, துண்டைச் சுருட்டிக் கொடுங்கள். பிரித்துத் தின்னட்டும். இரண்டு மூன்று நாளில் சுலபமாகிவிட்டால் துண்டில் முடிச்சுப் போடுங்கள்.

இரண்டாம் வாரம்: நான்கைந்து அட்டைப் பெட்டிகளை வரிசையாக வைத்து ஒன்றில் மட்டும் தீனியை வையுங்கள். "தேடு" என்று சொல்லி விடுங்கள். எல்லா இடத்திலும் அந்த ஒரே சொல்லையே பயன்படுத்துங்கள். கண்டுபிடித்ததும் அந்தப் பெட்டியிலேயே இன்னொரு துண்டைப் போடுங்கள். உங்கள் கையில் வாங்கிப் பழகினால் பெட்டியை விட்டு உங்கள் கையைத் தேட ஆரம்பித்துவிடும்.

மூன்றாம் வாரத்திலிருந்து வெளியே வரலாம். உப்பும் மசாலாவும் போடாத கோழி வேகவைத்த தண்ணீரில் ஒரு துணியை நனைத்து, கயிற்றில் கட்டி, தரையில் இருபது அடி நேராக இழுத்துச் செல்லுங்கள். முடிகிற இடத்தில் ஒரு கிண்ணத்தில் கோழித் துண்டுகள். நாயைத் தொடக்கத்தில் நிறுத்தி, "தேடு". பழகப் பழகத் தூரத்தைக் கூட்டுங்கள், ஒரு வளைவு வையுங்கள், துணி இழுத்ததற்கும் நாயை விடுவதற்கும் நடுவே கால் மணி, அரை மணி என்று இடைவெளி விடுங்கள்.

நேரமும் முக்கியம். ஈரமும் குளிர்ச்சியும் உள்ள மண்ணில் வாசனை தங்கும். காய்ந்து கொதிக்கிற மண்ணில் சீக்கிரம் போய்விடும். மார்கழிக் காலையில் பனி இறங்கிய வரப்பில் பொட்டுவை விட்டால் நான் ஒருவன் இருப்பதையே மறந்துவிடுவாள். அதே வரப்பில் சித்திரை மத்தியானம் இரண்டு தடவை மோந்துவிட்டு நிழலைத் தேடுவாள். தும்மினாலோ நிறைய மூச்சிளைத்தாலோ நிறுத்திவிடுங்கள். வாயைத் திறந்து இளைக்கும் நாயால் சரியாக மோப்பம் பிடிக்க முடியாது.

"வா" என்றால் வர வைப்பது

மூக்கு ஒரு தடத்தில் இறங்கிவிட்டால் பீகிளுக்குக் காது கேட்காது. திமிரும் இல்லை, முட்டாள்தனமும் இல்லை. ஆகவே திறந்த வெளியில் கயிறில்லாமல் விடவே கூடாது. இரண்டு வருடம் ஒழுங்காக வந்த நாய், மூன்றாம் வருடம் ஒரு கீரியின் தடத்தைப் பிடித்துப் பெங்களூரு நெடுஞ்சாலைக்குப் போய்விடும்.

கயிறு மாட்டுவதற்குக் கழுத்துப் பட்டைக்குப் பதிலாக மார்போடு சேர்த்துக் கட்டும் ஹார்னெஸ் வாங்குங்கள். மூக்கைத் தரையில் வைத்து இழுக்கிற நாய்க்குக் கழுத்து இறுகும். பத்து மீட்டர் கயிறு ஒன்று தனியாக வேண்டும். ஆடு மாடு கட்டும் கயிறு விற்கும் கடையிலேயே கிடைக்கும். அதில் விட்டு, நாய் தானாக உங்களைத் திரும்பிப் பார்க்கும் நொடியில் "வா" என்று கூப்பிட்டு, வந்ததும் சாதாரணத் தீனி இல்லாமல் வேகவைத்த ஈரல் மாதிரி அது மயங்குகிற ஒன்றைக் கொடுங்கள். கொடுத்துவிட்டுத் திரும்ப மோப்பம் பிடிக்க அனுப்புங்கள். "வா" என்றால் விளையாட்டு முடிந்துவிட்டது என்று அது நினைக்க ஆரம்பித்தால், அந்தச் சொல் செத்துவிட்டது. வேறு சொல்தான் தேட வேண்டும். அடித்துப் பழக்க நினைக்காதீர்கள். பயந்த பீகிள் இன்னும் வேகமாக ஓடும்.

குரல்

சாதாரணக் குரைப்பு, ஊளை, இரண்டுக்கும் நடுவே தொண்டையிலிருந்து இழுத்து வரும் வேட்டைக் குரல் என்று மூன்று விதம் உண்டு. மூன்றாவதுதான் பக்கத்து வீட்டுக்காரர்களைக் கதவைத் தட்ட வைக்கும். எங்கள் தெருவில் ஒரு பாட்டிக்கு உடம்பு சரியில்லாத சமயம் பொட்டு இரவெல்லாம் ஊளையிட்டாள். நாய் ஊளையிட்டால் யாரோ போகப் போகிறார்கள் என்பதுதானே ஊர் நம்பிக்கை. பாட்டியின் மகன் என்னிடம் மூன்று மாதம் பேசவில்லை. பாட்டி இன்னும் நன்றாகத்தான் இருக்கிறார்.

அந்த இரவு அவள் ஊளையிட்டது நாங்கள் கல்யாணத்துக்குப் போய்விட்டதால். தனிமையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும்: முதலில் ஐந்து நிமிடம், அப்புறம் பத்து, அரை மணி. கிளம்பும்போது முடிச்சுப் போட்ட அந்தத் துண்டைக் கொடுத்துவிட்டு, விடைபெறும் சடங்கு எதுவும் இல்லாமல் போங்கள். கத்தும்போது நீங்களும் சேர்ந்து கத்தினால், கூட்டம் சேர்ந்துவிட்டது என்று உற்சாகமாகிவிடும்.

சாப்பாடும் மாங்கொட்டையும்

பீகிளுக்குப் போதும் என்பது தெரியாது. 10 கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த வளர்ந்த பீகிளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 600 கலோரி வேண்டும். ஒரு சப்பாத்தி ஏறக்குறைய 100 கலோரி. வீட்டில் நாலு பேரும் ஆளுக்கு அரைச் சப்பாத்தி "பாவம், பாக்குதே" என்று போட்டால், மூன்றில் ஒரு பங்குச் சாப்பாடு அங்கேயே முடிந்துவிட்டது. மீதியையும் வழக்கம்போல் போடுவோம். ஒரே வருடத்தில் உருளைக்கிழங்கு மாதிரி ஆகிவிடும். முதுகெலும்புக்கு அந்தப் பாரம் ஆகாது, தண்டுவட வட்டுப் பிரச்சினை இந்த இனத்துக்கு வரக்கூடியது.

குட்டிக்கு நான்கு மாதம் வரை ஒரு நாளைக்கு நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று, அப்புறம் இரண்டு. அளந்து போடுங்கள். விலாவின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவினால் எலும்புகள் கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்தித் தெரியக் கூடாது. வீட்டுச் சாப்பாடு என்றால் உப்பில்லாத ராகிக் களியோ சோறோ கொஞ்சம், எலும்பில்லாத கோழி அல்லது முட்டை தாராளமாக, பூசணி, கேரட் கொஞ்சம். வெறும் களியும் மோரும் போட்டு வளர்ப்பது நாய்க்குப் போதாது. வெறும் வீட்டுச் சாப்பாடு என்றால் கால்சியம் எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெந்த எலும்பு, வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் எதுவும் கூடாது. காவேரிப்பட்டணம் பக்கம் திராட்சைத் தோட்டம் இருக்கிறதோ இல்லையோ, உலர் திராட்சை பாயசத்தில் இருக்கும்.

மாம்பழச் சதையில் ஒரு துண்டு கொடுத்தால் தப்பில்லை. கொட்டைதான் எமன். ஜூன் மாதம் தெருவெங்கும் சூப்பிப் போட்ட கொட்டை கிடக்கும். போன வருடம் பொட்டு ஒரு சின்ன நாட்டு மாங்கொட்டையை முழுதாக விழுங்கிவிட்டாள், நாங்கள் பார்க்கவில்லை. மறுநாள் வாந்தி. சாப்பாட்டைப் பார்த்து முகத்தைத் திருப்பினாள். பீகிள் சாப்பாட்டை வேண்டாம் என்றால் அது சாதாரண விஷயம் இல்லை. முதலில் காட்டிய இடத்தில் வயிற்றுக் கோளாறு என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் பெங்களூருவுக்குப் போனோம். எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாமல் ஸ்கேனில்தான் பிடிபட்டது, அறுவை சிகிச்சை செய்துதான் எடுத்தார்கள். அதிலிருந்து மாம்பழக் காலத்தில் நடைக்குப் போகும்போது வாய்க்கூடு போட்டுவிடுகிறோம். வாந்தி, சாப்பிடாமை, மலம் போகாமை மூன்றும் சேர்ந்தால் "கொட்டை விழுங்கியிருக்கலாம்" என்று நீங்களே டாக்டரிடம் சொல்லுங்கள்.

காது

தொங்கும் காதுக்குள் காற்றுப் போகாது. ஈரமும் அழுக்கும் தங்கிப் பூஞ்சை வளரும். வாரம் ஒரு முறை இப்படிச் செய்யுங்கள்:

1. மடலைத் தூக்கி மோந்து பாருங்கள். புளித்த வாடை, காப்பித்தூள் மாதிரி அழுக்கு, சிவப்பு இருந்தால் சுத்தம் செய்யாமல் நேராக டாக்டரிடம்.
2. நாய்களுக்கான காது கழுவும் திரவத்தைக் காதுக்குள் நிறைய விடுங்கள்.
3. காதின் அடிப்பகுதியைச் சதக் சதக் என்று சத்தம் வரும்படி அரை நிமிடம் பிசையுங்கள்.
4. கையை எடுத்து, நாயைத் தலையை உதற விடுங்கள். அன்று வெள்ளைச் சட்டை போட வேண்டாம்.
5. வெளியே வந்ததைப் பஞ்சால் துடையுங்கள். பட்ஸ் உள்ளே போகவே கூடாது.

தேங்காய் எண்ணெய், வேப்பெண்ணெய், பூண்டு காய்ச்சிய எண்ணெய் எல்லாம் வேண்டாம். ஊசிப்புல் முற்றியிருக்கும் காலத்தில் வயல் பக்கம் போய் வந்தால் காதையும் விரலிடுக்கையும் பாருங்கள். நெருஞ்சி முள் பாதத்தில் இருந்தால் நொண்டும், தெரிந்துவிடும். புல்லின் ஊசி காதுக்குள் போனால் ஓயாமல் தலையை உதறி, மடலில் ரத்தம் கட்டிக்கொள்ளும்.

உண்ணி, பாம்பு, வெயில்

உண்ணிக் காய்ச்சல் நம் பக்கத்தில் நிறைய. சோர்வு, காய்ச்சல், வெளுத்த ஈறு, மூக்கில் ரத்தம் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். நாயின் இயல்பான உடல் வெப்பம் 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை, நமக்குக் காய்ச்சலாகத் தெரியும் அளவு அதற்குக் காய்ச்சல் இல்லை. உண்ணிக்கு மாதா மாதம் மருந்து உண்டு. பீகிள்களுக்கு வலிப்பு வரும் வாய்ப்பு சற்று அதிகம் என்பதால், முன்பு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் மாத்திரை எழுதும் முன் டாக்டரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். மாட்டுக்கு வாங்கி வைத்த உண்ணி மருந்தை மீதியிருக்கிறதே என்று நாய்க்கு ஊற்றாதீர்கள்.

பாம்பு விஷயத்தில் மோப்ப நாய்க்கு ஆபத்து கூடுதல், மூக்கைத்தான் முதலில் நீட்டும். கல்லிடுக்கு, கரும்பு, வைக்கோல் போர் பக்கம் கயிற்றைச் சுருக்கிப் பிடியுங்கள். முகம் திடீரென்று வீங்கினால் கீறாதீர்கள், கட்டுப் போடாதீர்கள், பச்சிலை தேடாதீர்கள். நாயை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். எந்த மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து இருக்கும் என்பதை இன்றைக்கே விசாரித்து எண்ணைப் போனில் போட்டுக்கொள்ளுங்கள். பெரிய சிக்கலுக்குத் தருமபுரிக்காரர்கள் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கும், ஓசூர்க்காரர்கள் பெங்களூரு ஹெப்பாளில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்கும் போவது வழக்கம்.

ஓசூர் குளிர்ச்சியில் பீகிள் சுகமாக இருக்கும். தருமபுரி ஏப்ரல், மே வெயிலில் காலை ஏழுக்கு முன்னும் மாலை ஆறரைக்குப் பின்னும் மட்டும் நடை. தார்ச்சாலையில் புறங்கையை ஏழு நொடி வைக்க முடியாவிட்டால் அதன் பாதமும் தாங்காது.

குளியல் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போதும். முடி வருடம் முழுவதும் கொட்டும், ரப்பர் பிரஷ்ஷால் வாரம் இரண்டு முறை வாரினால் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

ஓடிவிட்டால்

எல்லாம் செய்தும் ஒரு நாள் ஓடும். துரத்தாதீர்கள், விளையாட்டு என்று நினைக்கும். காணாமல் போன இடத்திலேயே நீங்கள் அணிந்து கழற்றிய, துவைக்காத சட்டையையும் அது படுக்கும் துணியையும் விரித்து, ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்து, ஒருவர் அங்கேயே உட்காருங்கள். மற்றவர்கள் தேடட்டும். தடம் முடிந்ததும் பீகிள் தான் வந்த வழியை மோந்துகொண்டே திரும்பி வரும் வாய்ப்பு அதிகம். கழுத்துப் பட்டையில் போன் எண் எழுதிய தகடு எப்போதும் இருக்கட்டும். பொட்டு ஒரு தடவை மாலை ஐந்து மணிக்குப் போய் இரவு பதினொன்றுக்கு வந்தாள். தோப்புக் காவல் பெரியவர்தான் என் சட்டைப் பக்கத்தில் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "மொசல் ஒண்ணும் கொண்டாரல தம்பி" என்றார்.